பீனியாவில் எண்ணிய பிட்டுகள்

1996இல் நான் வேலைக்குச் சேர்ந்த பீனியா ஷெட்டில், என் மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். டேப் பழுப்பேறி ஒரு மூலை தொங்கிக்கொண்டிருக்கும். அதில் நீல மையில் எட்டு எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக: 1, 2, 4, 8, 10, 20, 40, 80. எட்டு வரை இரட்டித்துக்கொண்டே வந்தவர் அதற்கப்புறம் ஏன் பத்துக்குப் போனார் என்று புதிதாக வருகிற எல்லாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். எழுதியவர் எங்கள் பெரியவர். தூரவாணி நகர் ஐ.டி.ஐ.யில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். மைசூர்க்காரர், தமிழ் சரளமாகப் பேசுவார். "பதினாறைப் பத்துன்னு எழுதற ஊருக்கு வந்திருக்கேப்பா, பழகிக்கோ" என்றார்.

அவர் சொன்ன ஊர், ஹெக்ஸ். பதினாறைப் பத்தாக எழுதுகிற கணக்குமுறை. பெங்களூர் பழகுவதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அந்த ஊர் பழக அதைவிட அதிகம் ஆனது.

நாங்கள் செய்தது யு.பி.எஸ். அந்த வருஷங்களில் பெங்களூரில் கம்ப்யூட்டர் பெருகிய வேகத்துக்குக் கரண்ட் ஈடுகொடுக்கவில்லை. அச்சகம், டைப்பிங் சென்டர், ஜெராக்ஸ் கடை என்று எல்லாருக்கும் ஒரு பெட்டி வேண்டியிருந்தது. பெட்டிக்குள் ஒரு போர்டு, போர்டில் ஒரு 8031 சிப், பக்கத்தில் புரோகிராமைத் தாங்குகிற ஈப்ராம். சிப்புக்குள் இருந்த ரேம் மொத்தம் 128 பைட். இன்று ஒரு குறுஞ்செய்திக்குக்கூடப் போதாத இடம். அதற்குள் வோல்டேஜ் அளவு, டைமர், கணக்கு எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

அந்தப் பெட்டி எந்நேரமும் ஐந்து விஷயங்களை நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. மெயின்ஸ் போய்விட்டதா? பேட்டரி இறங்கிவிட்டதா? ஓவர்லோடா? சூடேறிவிட்டதா? ஃபேன் நின்றுவிட்டதா? ஐந்துக்கும் ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான் பதில். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முழு பைட் கொடுப்பது, ஒற்றை ஆளுக்கு ஒரு பஸ்ஸையே வாடகைக்கு எடுப்பது மாதிரி. ஒரு பைட்டில் எட்டு பிட் இருக்கிறது, ஆளுக்கொரு சீட் கொடுத்தால் ஐந்து பேரும் உட்கார்ந்து மூன்று சீட் மிச்சமிருக்கும். இப்படி உட்காருகிற ஒவ்வொன்றுக்கும் ஃபிளாக் என்று பெயர். கொடி ஏறியிருந்தால் ஆமாம், இறங்கியிருந்தால் இல்லை. காலேஜ் லேபில் 8085 கிட்டைத் தட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அந்தச் சிப்பின் ஃபிளாக் ரெஜிஸ்டரிலேயே எட்டு இடத்தில் ஐந்து கொடிகள்தான். மூன்று இடம் காலி.

ஒவ்வொரு கொடிக்கும் ஏன் 1, 2, 4, 8 என்றே எண் கொடுக்க வேண்டும், 1, 2, 3, 4, 5 என்று கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் பாட்டி வீட்டைத்தான் சொல்வேன். கிருஷ்ணகிரிப் பக்கம். அரிசிப் பானைக்கு அருகில் நாலு அளவைகள் அடுக்கியிருக்கும். ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இந்த நாலில் எதையும் ஒரு தடவைக்கு மேல் எடுக்காமல், ஓர் ஆழாக்கிலிருந்து பதினைந்து ஆழாக்கு வரை எந்த அளவையும் அளந்து போட்டுவிடலாம். பதின்மூன்று ஆழாக்கு வேண்டுமா? நாழி, உரி, ஆழாக்கு. அதற்கு வேறு சேர்க்கை கிடையாது. பானையில் பதின்மூன்று ஆழாக்கு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், எந்தெந்த அளவை இறங்கியது, எது இறங்கவில்லை என்று பாட்டி சொல்லிவிடுவார். கொடிகளும் அதேதான். போர்டு 13 என்று ஓர் எண்ணை அனுப்பினால் 8, 4, 1 ஏறியிருக்கிறது, 2 இறங்கியிருக்கிறது என்று பொருள். சூடு, ஓவர்லோடு, மெயின்ஸ் இல்லை. ஆனால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. 1, 2, 3 என்று பெயரிட்டிருந்தால், 3 வந்தபோது அது மூன்றாவது கொடியா, முதலும் இரண்டும் சேர்ந்ததா என்று தெரியாமல் நிற்போம்.

சி மொழியில் அதை எழுதுவது சுலபம்தான், எண்ணத் தெரிந்தால். ஹெடர் ஃபைலில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஹேஷ் டிஃபைன் வரி, அதற்கெதிரே எண். அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய கெர்னிகன், ரிச்சி புத்தகத்தின் 1988ஆம் வருஷத்து இரண்டாம் பதிப்பு இதை இரண்டு விதமாகவும் காட்டும். டிஃபைன் வரிகளாக ஒரு தரம், எனம் என்கிற பெயர்ப் பட்டியலாக ஒரு தரம். இரண்டிலும் எண்ணைக் கையால்தான் போட வேண்டும். எனம் தானாக எண்ணும், ஆனால் 0, 1, 2, 3 என்றுதான் எண்ணும். இரட்டித்துக்கொண்டு போக அதற்குத் தெரியாது. ஆகவே எண்ணுகிற வேலை மனுஷனுடையது. சுவர்த் தாள் அதற்காக.

அந்தத் தாளைப் பார்க்காமல் எழுதிய அன்றைக்குத்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஃபேன் கொடி பெட்டியில் முதலில் கிடையாது. பிறகு சேர்த்தோம். சேர்க்கச் சொன்னது என்னிடம். மேலே ஹெக்ஸ் 1, 2, 4, 8 என்று நாலு வரி இருந்தது. அடுத்தது பதினாறு. ஹெக்ஸ் 16 என்று போட்டேன். இதில் உள்ள சதி என்னவென்றால், முதல் நாலு எண்ணும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். ஹெக்ஸிலும் 8 எட்டுதான். ஐந்தாவது வரியில்தான் பாதை பிரிகிறது, அங்கே கை பழைய வழியிலேயே போய்விடுகிறது. நான் எழுதியிருக்க வேண்டியது ஹெக்ஸ் 10. நான் எழுதிய ஹெக்ஸ் 16 என்பது நம் கணக்கில் 22. அதாவது 16, 4, 2. ஃபேன் கொடியை ஏற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஓவர்லோடு கொடியும் பேட்டரி கொடியும் கூடவே ஏறின.

கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல அதற்கு என்ன இருக்கிறது, அதைப் பொறுத்தவரை 22 ஓர் எண். ஈப்ராமை அழிக்க அல்ட்ரா வயலெட் விளக்குக்கடியில் இருபது நிமிஷம் வைத்து, புது புரோகிராமை ஏற்றி, சிப்பின் ஜன்னலுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டோம். ராஜாஜிநகரில் ஓர் அச்சகத்துக்கு அந்தப் பெட்டி போயிற்று. காகிதத் தூசி ஃபேனில் அடைத்து அது நின்றது. முன்பக்கத்தில் மூன்று விளக்கு ஒன்றாக எரிந்தது. மூன்று விளக்கைப் பார்த்த சர்வீஸ்காரர் யாரைச் சந்தேகப்படுவார்? பேட்டரியை. மாற்றினார். விளக்கு அணையவில்லை. வேறு செட் கொண்டுவந்து மறுபடி மாற்றினார். அச்சகக்காரர் போனில் போட்ட சத்தம் ஷெட்டின் மறுகோடி வரை கேட்டது.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது, அதை நாங்கள் பிறகுதான் கண்டோம். தூசியைத் தட்டி ஃபேன் ஓடத் தொடங்கியதும், ஃபேன் கொடியை இறக்குகிற வரி மூன்று கொடியையும் சேர்த்து இறக்கியது. நிஜமாகவே பேட்டரி இறங்கியிருந்தாலும் அந்த எச்சரிக்கை சத்தமில்லாமல் அழிந்துபோகும். பொய்யாக அலறுவதைவிட, அலற வேண்டிய நேரத்தில் வாய் மூடுவது பெரிய குற்றம்.

பெரியவர் என் புரோகிராமைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எந்தெந்த விளக்கு எரிந்தது என்று மட்டும் கேட்டார். ஒரு பழைய கவரின் பின்புறத்தில் 16, 4, 2 என்று எழுதிக் கூட்டினார். 22. "இது ஹெக்ஸ்ல எவ்வளவு?" என்றார். நான் வாய்க்குள் கணக்குப் போட்டு "பதினாறு சார்" என்றேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. ரிலே காலத்தில் ஒட்டிக்கொண்ட ரிலேயைக் கண்ணால் பார்க்க முடியும், விரலால் தட்டிவிடவும் முடியும், இப்போதெல்லாம் தலைக்குள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். கவரை என்னிடம் கொடுத்தார். அதை நான் வைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்தின் இன்னொரு கண்ணியையும் சொல்ல வேண்டும். பேட்டரி கொடி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, நிலையை & குறியால் கொடியோடு சேர்த்து, == குறியால் பூஜ்யத்தோடு ஒப்பிடுவோம். அடைப்புக்குறி போட மறந்தால் சி மொழி முதலில் ஒப்பிட்டுவிட்டு அப்புறம்தான் சேர்க்கும். கொடியின் எண் எப்போதும் பூஜ்யமில்லை, ஆகவே ஒப்பீடு பொய், பொய்யோடு எதைச் சேர்த்தாலும் பூஜ்யம். அந்தச் சோதனை ஒருநாளும் பலிக்காது. இது ஏன் இப்படி என்று மொழியைச் செய்த டென்னிஸ் ரிச்சியே 1993இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் & என்ற ஒரே குறிதான் இரண்டு வேலையும் பார்த்தது. பிறகு && தனியாக வந்தபோது, ஏற்கனவே எழுதிய புரோகிராம்கள் உடையக் கூடாது என்று பழைய முன்னுரிமையை அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஒரு சிறு கூட்டத்துக்குச் செய்த சலுகை, இருபத்தைந்து வருஷம் கழித்து பீனியாவில் எங்களைக் கடித்தது. எனக்கு அவர் மேல் கோபமில்லை. ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறாரே, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் போர்டில் இருந்தது ஐந்து கொடிகள். பெரிய சிப்களில் வேலை செய்த நண்பர்களுக்கு நூற்றுக்கணக்கில். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வடிவமைப்பு மையம் திறந்ததிலிருந்து, சிப்பை வரைகிறவர்களும் அந்தச் சிப்பின் பிட்டுகளை எண்ணுகிறவர்களும் ஒரே ஊரில் இருந்தார்கள். ஆனாலும் நடுவில் ஒரு தடிமனான டேட்டா புக் நிற்கும். அதன் ஜெராக்ஸ் நிற்கும். ஜெராக்ஸின் ஜெராக்ஸில் 3ஆ 8ஆ என்று தெரியாத ஓர் எண் நிற்கும். பட்டியலைப் பார்த்து ஹெடர் ஃபைலில் அடிக்க என்றே ஒருவர், சரிபார்த்து வாய்விட்டு வாசிக்க ஒருவர். கோயிலில் மந்திரம் சொல்வதுபோல அந்த வாசிப்பு மத்தியான நேரத்தில் கேட்கும். "பிட் அஞ்சு, ரிசீவ் எனேபிள். பிட் ஆறு, காலி. பிட் ஏழு, காலி."

எண்ணுகிற வேலை மெதுவாகத்தான் மனுஷன் கையிலிருந்து கழன்றது. முதலில் வந்த நிம்மதி ஷிஃப்ட். மதிப்பை எழுதாமல் இடத்தை எழுதுவது: 1 << 0, 1 << 1, 1 << 2. ஒன்றை எத்தனை இடம் தள்ளுவது என்று சொல்லிவிட்டால் இரட்டிப்பைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். இது சி மொழியில் முதலிலிருந்தே இருந்ததுதான். சின்ன கம்பைலர்கள் மேல் நம்பிக்கையில்லாமல் பீனியாவில் நாங்கள்தான் தவிர்த்துவந்தோம். 2001இல் தொடங்கிய லினக்ஸ் பெங்களூர் மாநாடுகளுக்கு, அவைதான் 2005இல் ஃபாஸ் டாட் இன் ஆயின, போய்வந்த பையன்கள் கெர்னல் ஹெடர்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் பிட் என்றே ஒரு மேக்ரோ, அதற்குள் இடத்தின் எண் மட்டும். ஹெக்ஸ் 16 என்று தப்பாக எழுத அங்கே வழியே இல்லை. நான் முதலில் பார்த்தபோது அச்சகத்தின் மூன்று விளக்குகள் நினைவுக்கு வந்தன.

பிறகு ஒவ்வொரு மொழியும் தன் வழியில் இதற்கு வசதி செய்தது. 2002இல் வந்த டாட்நெட்டில், எனம் பட்டியலின் தலையில் ஃபிளாக்ஸ் என்று ஓர் அடையாளம் வைத்தால், 13 என்ற எண்ணைத் திரையில் போடும்போது மூன்று பெயர்களையும் காற்புள்ளியிட்டுக் காட்டும். கண்டுபிடிக்கிற வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் நிறையப் பேர் அந்த அடையாளமே எண்களையும் இரட்டித்துக் கொடுக்கும் என்று நம்பிவிட்டார்கள். கொடுக்காது. எழுதாமல் விட்டால் 0, 1, 2, 3தான். எத்தனையோ தடவை கோட் ரெவ்யூவில் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறேன். 2004இல் வந்த ஜாவா ஐந்து, பிட்டே கண்ணில் படாமல் எனம்செட் என்று ஒரு தொகுப்பைக் கொடுத்தது. அறுபத்து நாலு பெயர் வரைக்கும் உள்ளே அது ஒரே ஒரு நீள எண்தான், நாம் செய்ததையேதான் அதுவும் செய்கிறது, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு. கோ மொழியில் முதல் வரியில் 1 << என்று போட்டு அயோட்டா என்ற சொல்லை வைத்தால், கீழே பெயர்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போகலாம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு வரியில் விதியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

சி++ கதை வேறு. 2011இல் அது எனம் கிளாஸ் என்று கறாரான ஒரு வகையைக் கொண்டுவந்தது. பேட்டரி கொடியைக் கொண்டுபோய் தெரியாமல் வேறொரு பட்டியலின் கொடியோடு சேர்க்க முடியாது. அந்தப் பாதுகாப்பு தேவையானது. ஆனால் கறாரின் விலையாக | குறியும் & குறியும் வேலை செய்யாமல் போயின. இரண்டு கொடியைச் சேர்க்க வேண்டுமானால் எண்ணாக மாற்றி, சேர்த்து, திரும்பக் கொடியாக மாற்ற வேண்டும். கொடி என்று ஒன்று இருப்பதே சேர்ப்பதற்குத்தானே! ஆகவே ஊரில் ஒவ்வொரு குழுவும் அந்தக் குறிகளைத் தானே எழுதிக்கொண்டது. ஒவ்வொரு பட்டியலுக்கும் ஐந்தாறு சின்னச் சின்ன வரிகள். பிறகு அதையும் ஒரு மேக்ரோவில் அடக்கி, பெயரைக் கொடுத்தால் குறிகள் எல்லாம் தானாகப் பிறக்கும்படி செய்துகொண்டார்கள். வேலை மாறி வேறு கம்பெனிக்குப் போனால் அங்கேயும் அதே மேக்ரோ, வேறு பெயரில். வெள்ளைப்பலகை முன்னால் இதற்காக நடந்த வாக்குவாதங்களில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு கட்சி பாதுகாப்புதான் முக்கியம் என்னும், இன்னொன்று படிக்க முடியாவிட்டால் பாதுகாப்பு எங்கிருந்து வரும் என்னும். நான் இரண்டாவது கட்சி. இன்றைக்கும் மாறவில்லை.

டேட்டா புக் வாசிப்பும் நின்றுவிட்டது. இப்போது சிப் செய்கிற கம்பெனி, ரெஜிஸ்டர்களின் விவரத்தை ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைலாகவே தந்துவிடுகிறது. அதை ஒரு கருவிக்கு ஊட்டினால் ஹெடர் ஃபைல் கொட்டுகிறது, ஆயிரக்கணக்கான வரி, ஒரு எழுத்துப் பிசகில்லாமல். "பிட் ஆறு, காலி" என்று வாய்விட்டுச் சொல்ல யாரும் தேவையில்லை. அந்த வாசிப்பு போனதில் எனக்கு வருத்தமில்லை. அதை வாசித்தவர்களின் கண் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று நடந்தது. எண்ணுகிற வேலை கைவிட்டுப் போனபோது, எண் எதற்காக இருக்கிறது என்பதும் சிலருக்குக் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஓர் இடத்தில், களத்தில் உள்ள பெட்டிகள் தங்கள் நிலையை மொபைல் சிம் வழியாகச் சர்வருக்கு அனுப்பும். அனுப்புவது ஒரே ஒரு பைட். சர்வர் பக்கம் பைத்தானில் எழுதியது. பைத்தானில் 2016இன் கடைசியில் வந்த 3.6ஆம் பதிப்பு முதல் ஃபிளாக் என்றே ஒரு வகை இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆட்டோ என்று போட்டுவிட்டால் 1, 2, 4, 8 தானாக வரும். கொடிகள் அதே பழைய ஐந்துதான்: மெயின்ஸ், பேட்டரி, ஓவர்லோடு, சூடு, ஃபேன். ஒரு இளைஞர், நல்ல வேலைக்காரர், ஃபைல் ஒழுங்காக இருக்கட்டும் என்று அந்த ஐந்து பெயரையும் ஆங்கில அகர வரிசைப்படி அடுக்கினார். பேட்டரி முதலில் வந்தது. ஃபேன் இரண்டாவது. மெயின்ஸ் மூன்றாவது. சூடு, அதாவது ஓவர்ஹீட், நாலாவது, ஓவர்லோடு ஐந்தாவது. ஆட்டோ தன் கடமையைச் செய்தது: 1, 2, 4, 8, 16.

போர்டுக்கு இது தெரியாது. அது பேட்டரி இறங்கினால் 2 என்றுதான் அனுப்பும். சர்வர் அந்த 2ஐ வாங்கி, ஃபேன் நின்றுவிட்டது என்று எழுதியது. நிஜமாகவே ஃபேன் நின்ற பெட்டி 16 அனுப்பியது. அது ஓவர்லோடு ஆனது. மின்வெட்டு ஆன இடமெல்லாம் பேட்டரி இறங்கியதாக வரைபடத்தில் சிவப்பானது. பரிசோதனையில் இது ஏன் பிடிபடவில்லை தெரியுமா? பரிசோதித்தவர் ஹாட் ஏர் கன்னால் சென்சாரைச் சூடாக்கிப் பார்த்தார். சூடு பழைய வரிசையிலும் நாலாவது, புது வரிசையிலும் நாலாவது. ஐந்தில் இடம் மாறாதது அது ஒன்றுதான். பெட்டி 8 அனுப்பியது, திரையில் சூடு என்று வந்தது, எல்லாம் சரி என்று டிக் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை சர்வீஸ் ஆட்கள் ஃபேனைக் கையில் எடுத்துக்கொண்டு, பேட்டரி செத்த பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றார்கள். எனக்கு நெஞ்சில் ஒரு இடி. இருபது வருஷத்துக்கு அப்புறம், வேறு மொழி, வேறு கட்டடம், பீனியாவில் ஷெட் இருந்த தெருப்பக்கம் 2014 முதல் மெட்ரோ ரயில் மேலே ஓடுகிறது, ஆனால் அதே பேட்டரி, அதே ஃபேன்.

அந்த இளைஞர் வெளிறிப்போய் நின்றார். நான் மேஜை டிராயரிலிருந்து பழைய கவரை எடுத்துக் காட்டினேன். 16, 4, 2. கதையைச் சொன்னேன். அவரோடு வேலை செய்கிற திருநெல்வேலிப் பெண் கேட்டாள்: "அப்போ ஆட்டோவே வேண்டாம்னு சொல்றீங்களா, அண்ணா? திரும்பக் கையால எண்ணணுமா?"

இல்லை. இதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். புரோகிராமுக்குள்ளேயே பிறந்து புரோகிராமுக்குள்ளேயே சாகிற கொடிக்கு ஆட்டோ போதும், கையால் எண்ணுவது வீண் பிடிவாதம். அங்கே எண் 4ஆ 16ஆ என்று யாருக்கும் கவலையில்லை. ஆனால் கம்பியில் ஏறி வெளியே போகிற கொடி, ஃபைலில் படிந்து நாளைக்கும் இருக்கப்போகிற கொடி, அது வேறு. அங்கே எண் என்பது மறுமுனையில் உள்ளவருக்குக் கொடுத்த வாக்கு. பெயரை மாற்றலாம், எண்ணை மாற்றக் கூடாது. அதனால் அதற்கெதிரே இடத்தின் எண்ணைக் கையாலேயே எழுத வேண்டும், 1 << 0, 1 << 1 என்று, வரிசையைக் கலைத்துப் போட்டாலும் ஒவ்வொருவரும் தன் சீட் நம்பரைக் கையில் வைத்திருக்கும்படி. ஒரு கொடி வேண்டாம் என்று ஆனால் அதன் சீட்டை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. காலியாகவே ஓடட்டும்.

அன்று சாயந்திரம் மூன்று பேரும் உட்கார்ந்து அப்படி மாற்றினோம். கூடவே ஒரு சின்னப் பரிசோதனை வரியும் சேர்த்தோம்: பேட்டரியின் மதிப்பு 2 இல்லையென்றால் பில்டே நிற்க வேண்டும். 1996இல் கம்பைலர் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை, இப்போது நாமே சொல்ல வைக்கலாம். இன்றைய வசதிகளில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

அந்தப் பெண் ஓய்வு நேரத்தில் எழுத்துரு வேலை செய்பவள். ஒரு பலகைக்காகக் கன்னடமும் தமிழும் ஒன்றாக உள்ள எழுத்துரு ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து என்னைக் கூப்பிட்டாள். ஓப்பன்டைப் எழுத்துரு ஒவ்வொன்றுக்குள்ளும், தான் எந்தெந்த மொழியின் எழுத்துகளைத் தாங்குகிறது என்று சொல்லும் கொடிகள் ஒரு பட்டியலில் உண்டு. மொத்தம் 128 பிட். பழைய 8031இன் ரேமில் எத்தனை பைட்டோ, இங்கே அத்தனை பிட். யூனிகோடில் புதிது புதிதாக எழுத்துகள் சேர்ந்து, அந்த இடம் ஏறக்குறைய தீர்ந்தே போய்விட்டது. இனி புதிய மொழிகளுக்கு அதில் சீட் கொடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஏற்கனவே உட்கார்ந்தவர்களை எழுப்பவும் இல்லை.

தேவநாகரி பிட் 15. வங்காளம், குர்முகி, குஜராத்தி, ஒடியா 16இலிருந்து 19 வரை. தமிழ் 20. தெலுங்கு 21. கன்னடம் 22. மலையாளம் 23. இவர்கள் உட்கார்ந்திருக்கும் முதல் 32 பிட்டை நாலு பைட்டாக ஃபைலில் எழுதும்போது பெரிய பக்கத்திலிருந்து எழுதுவார்கள். அப்போது இரண்டாவது பைட்டின் மேல் பாதி முழுக்கத் தென்னாட்டு நாலு மொழிகளுக்கே அமைந்துவிடுகிறது. தமிழ் ஹெக்ஸ் 10, தெலுங்கு 20, கன்னடம் 40, மலையாளம் 80. பெரியவரின் சுவர்த் தாளில் கடைசி நாலு வரி.

அவள் விரலைத் திரையில் அந்தப் பட்டியலில் இந்தக் கொடிகள் தொடங்கும் 42ஆவது இடத்துக்குக் கொண்டுபோனாள். அடுத்த பைட்டில் 50 என்று இருந்தது.

"நாற்பதும் பத்தும், அண்ணா" என்றாள்.